எல்லைச் சுவர் பேச்சும் கிரீன் கார்டு வரிசையும்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கத் தேர்தல்களில் குடியேற்றச் சீர்திருத்தம் பற்றி வேட்பாளர்கள் என்ன சொல்கிறார்கள், வந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்று இந்த மாதம் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் பெற்றோர் எழுதியவை. அதனால் அவர்கள் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

என் மகன் பதினொரு வருடமாக எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறான். எந்தக் கட்சி ஜெயித்தால் அவனுக்கு கிரீன் கார்டு சீக்கிரம் கிடைக்கும்? உண்மையைச் சொல்லுங்கள்.
(ஈரோட்டிலிருந்து ஓர் அப்பா)

ஐயா, உண்மை என்னவென்றால், எந்த அதிபர் வந்தாலும் அவர் ஒருவரால் அந்த வரிசையைக் குறைக்க முடியாது. அது 1990-ம் ஆண்டுச் சட்டத்தில் எழுதி வைத்த எண்ணிக்கை. வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு, எந்த ஒரு நாட்டுக்கும் அதில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவுக்கும் அதே 7, ஐஸ்லாந்துக்கும் அதே 7. உங்கள் மகன் போன்றவர்கள் பெரும்பாலும் நிற்கும் இபி-2 (மேற்படிப்பு படித்தவர்களுக்கான) பிரிவுக்கு மொத்தமே 40,000 சொச்சம், அதில் 7 சதவீதம் என்றால் 2,800 வரும், அதிலும் மனைவி, பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்தே எண்ணுவார்கள். மற்ற நாட்டுக்காரர்கள் எடுக்காமல் விட்டது மிஞ்சினால் கொஞ்சம் கூடக் கிடைக்கும், அவ்வளவுதான். இந்தப் பக்கம் லட்சக்கணக்கான பேர் காத்திருக்கிறார்கள்.

என் அக்கா மகன் டெக்சாஸில் இருக்கிறான். வரிசையில் அவன் இடத்தைக் குறிக்கும் ப்ரையாரிட்டி டேட் 2015 மார்ச். எந்தத் தேதிக்காரர்களின் முறை வந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு மாதா மாதம் போடும் பட்டியல்தான் விசா புல்லட்டின். அது வெளியாகும் வாரத்தில் அவன் வீட்டில் தங்கியிருக்கிறேன், அதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் போனை எடுத்துப் பார்ப்பான், இந்தியா என்ற கட்டத்தில் தேதி ஒரு வாரம் நகர்ந்திருக்கிறதா, அப்படியே நிற்கிறதா, பின்னால் போய்விட்டதா என்று. 2024-ல் அந்தக் கட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது 2012-ல் விண்ணப்பித்தவர்களின் தேதி. அவன் மனைவி சமையலறையிலிருந்தே "நகர்ந்துச்சா?" என்று கேட்பாள், அவன் பதில் சொல்லாமல் இருந்தால் அவளுக்குப் புரிந்துவிடும்.

இந்த 7 சதவீதத்தை எடுக்க ஒரு மசோதா வந்தது. 2019-ல் செனட்டில் (அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் மேலவை) அதைக் கொண்டுவந்தவர்கள் யார் தெரியுமா, யூட்டாவின் குடியரசுக் கட்சிக்காரர் மைக் லீயும், கலிபோர்னியாவின் ஜனநாயகக் கட்சிக்காரர் கமலா ஹாரிஸும். அதே வருடம் ஜூலையில் கீழவையில் 365-க்கு 65 என்று நிறைவேறியது, இந்தக் காலத்தில் அங்கே அப்படி இரண்டு கட்சியும் சேர்ந்து ஓட்டுப் போடுவது அபூர்வம். செனட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் ஆட்சேபம் சொல்லி இழுத்தார்கள். ஒருவர் நர்ஸுகளுக்கு இடம் போய்விடும் என்றார், இன்னொருவர் மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் பங்கீட்டை மட்டும் மாற்றுவது மற்ற நாட்டுக்காரர்களுக்கு அநியாயம் என்றார். (இரண்டாவதில் நியாயம் இருக்கிறது, வரிசை குறையாது, நிற்கிற ஆள்தான் மாறுவார்.) கடைசியில் 2020 டிசம்பரில் செனட்டும் நிறைவேற்றியது, ஆனால் வேறு வாசகத்தோடு. இரண்டையும் இணைப்பதற்குள் அந்தக் காங்கிரஸின் ஆயுள் முடிந்து மசோதாவும் செத்துப்போனது.

அதனால் உங்கள் மகனுக்காக ஒரு வேட்பாளரைக் கவனிக்க வேண்டும் என்றால், அதிபர் வேட்பாளரைவிட செனட்டுக்கு நிற்பவரைக் கவனியுங்கள். அங்கே ஒரு சட்டம் நகர 100-ல் 60 பேர் வேண்டும்.

குடியரசுக் கட்சி குடியேறுபவர்களுக்கு எதிரி, ஜனநாயகக் கட்சி நண்பன். இப்படிப் புரிந்துகொண்டால் சரியா?
(மதுரை, அரசியல் அறிவியல் மாணவர்)

இன்றைய மேடைப் பேச்சை மட்டும் கேட்டால் அப்படித்தான் தோன்றும் தம்பி, ஆனால் பரீட்சையில் அப்படி எழுதிவிடாதீர்கள்.

1980 ஏப்ரல், ஹூஸ்டன் நகரம். குடியரசுக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்ட ரொனால்டு ரீகனும் ஜார்ஜ் புஷ்ஷும் (அப்பா புஷ்) ஒரே மேடையில். சட்டவிரோதமாக வந்தவர்களின் பிள்ளைகள் டெக்சாஸ் அரசுப் பள்ளியில் இலவசமாகப் படிக்கலாமா என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்கிறார். புஷ் அந்தப் பிள்ளைகள் படிக்காமல் வளர்வதை நான் விரும்பவில்லை என்கிறார், அவர்களை நல்ல குடும்பத்து மனிதர்கள் என்கிறார். ரீகன் ஒரு படி மேலே போய், வேலி போடுவதைப் பற்றிப் பேசுவதற்குப் பதில், அவர்கள் வேலை அனுமதியோடு சட்டப்படி வந்துபோக வழி செய்யலாமே என்கிறார். இன்றைக்கு அந்தக் கட்சியின் உள்கட்சித் தேர்தலில் யாராவது இப்படிப் பேசினால் அன்றோடு அவர் கதை முடிந்தது.

அதே ரீகன்தான் 1986-ல் கையெழுத்துப் போட்டு, ஏறக்குறைய 27 லட்சம் பேருக்குச் சட்டப்படியான அந்தஸ்து கொடுத்தார். பதிலுக்கு, ஆவணம் இல்லாதவர்களை வேலைக்கு வைக்கும் முதலாளிகளுக்குத் தண்டனை என்று அந்தச் சட்டமே சொன்னது. பொது மன்னிப்பு உடனே நடந்தது, முதலாளிகள் மேல் நடவடிக்கை சரியாக நடக்கவே இல்லை. புதிதாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள், வேலையும் கிடைத்துக்கொண்டே இருந்தது. "ஒருமுறை ஏமாந்தோம், இனி முதலில் எல்லையை அடை, அப்புறம் மற்றதைப் பேசு" என்று அந்தக் கட்சிக்காரர்கள் இன்று வரை சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் அவர்கள் கோபம் முழுவதும் வெறும் வெறுப்பு என்று ஒதுக்குவது தவறு என்றே நான் நினைக்கிறேன்.

மறுபக்கம் பாருங்கள். 1996, தேர்தல் வருடம், அதிபர் பில் கிளிண்டன், ஜனநாயகக் கட்சி. செப்டம்பர் கடைசியில் ஒரு கடுமையான சட்டத்தில் கையெழுத்துப் போடுகிறார். அனுமதியில்லாமல் 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் 3 வருடம் திரும்ப வர முடியாது, ஒரு வருடம் தாண்டியிருந்தால் 10 வருடம். அமெரிக்கரைக் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, எல்லாத் தகுதியும் இருந்தும் நாட்டை விட்டு வெளியே போய் விசா வாங்கப் பயந்து மறைந்தே வாழ்கிறவர்கள் ஏராளம், அதற்குக் காரணம் இந்தச் சட்டம்தான்.

அப்புறம் மகன் புஷ், குடியரசுக் கட்சி. எல்லைக் காவல், தற்காலிக வேலை விசா, ஆவணம் இல்லாதவர்களுக்குக் குடியுரிமை வழி, மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்ட முழு மனதோடு முயன்றார். 2007-ல் செனட்டில் அவருடைய கட்சிக்காரர்களே கவிழ்த்தார்கள். அந்த முயற்சியில் முன்னால் நின்ற ஜான் மெக்கெய்ன், 2008-ல் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டபோது, உங்கள் மசோதாவே இப்போது வந்தால் ஓட்டுப் போடுவீர்களா என்று விவாத மேடையில் கேட்டார்கள். போட மாட்டேன், மக்கள் முதலில் எல்லையைப் பாதுகாக்கச் சொல்கிறார்கள் என்றார். ஒரு நேர்மையான மனிதர் தன் சொந்தப் பிள்ளையைத் தெரியாது என்று சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

ஒபாமா முதல் வருடமே சீர்திருத்தம் என்றார். ஏன் நடக்கவில்லை?
(திண்டுக்கல்)

முதல் வருடம் பொருளாதார வீழ்ச்சியிலும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்திலும் போனது, அது அவருடைய தேர்வு, அதற்கான பழியும் அவருடையதுதான். அதே காலத்தில் ஆண்டுக்கு 4 லட்சம் பேர் அளவில் நாடு கடத்தினார், கண்டிப்பானவன் என்று காட்டினால் எதிர்க்கட்சி சீர்திருத்தத்துக்கு வரும் என்ற கணக்கு அது. வரவில்லை.

2012 ஜூனில், தேர்தலுக்கு ஐந்து மாதம் முன்னால், சிறு வயதில் கொண்டுவரப்பட்டு ஆவணம் இல்லாமல் இருப்பவர்களை நாடு கடத்தாமல் இருக்க டாக்கா திட்டத்தை அறிவித்தார். எதிரே நின்ற மிட் ராம்னி, ஆவணம் இல்லாதவர்களுக்கு வேலை கிடைக்காதபடி செய்தால் அவர்களே கிளம்பிவிடுவார்கள் என்று பேசியவர், அந்தப் பேச்சு அவரை நன்றாகவே அடித்தது. தோற்ற பிறகு குடியரசுக் கட்சித் தலைமையே, சீர்திருத்தத்தை ஆதரிக்காவிட்டால் நமக்கு எதிர்காலம் இல்லை என்று 2013-ல் அறிக்கை கொடுத்தது. அந்த சூட்டில் செனட் ஒரு பெரிய மசோதாவை 68-க்கு 32 என்று நிறைவேற்றியது. கீழவைத் தலைவர் ஜான் பெய்னர் அதை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நிறைவேறியிருக்கும் என்று பலரும் சொன்னார்கள், தன் கட்சியில் பாதிப் பேருக்குப் பிடிக்காததை எடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கடந்த நாற்பது வருடத்தில் கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனது என்றால் அதுதான்.

சுவருக்கு மெக்சிகோ பணம் கொடுத்ததா?
(அம்பத்தூர்)

இல்லை. மெக்சிகோ கொடுக்கும் என்று டிரம்ப் சொன்னார், போனது அமெரிக்க வரிப்பணம், ராணுவத்துக்கு ஒதுக்கியதிலிருந்து எடுத்த தொகையும் சேர்த்து. அவருடைய முதல் ஆட்சியில் கட்டியது 450 மைல் அளவு, அதில் பெரும்பகுதி ஏற்கனவே ஏதோ ஒரு தடுப்பு இருந்த இடம்.

2024 தேர்தலில் டிரம்புக்கும் கமலாவுக்கும் இதில் என்ன பெரிய வித்தியாசம்? இருவருமே எல்லையை மூடுவேன் என்றுதானே சொன்னார்கள்?
(புதுச்சேரி, ஓய்வுபெற்ற ஆசிரியை)

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள் அம்மா. 2019-ல் மயாமியில் நடந்த ஜனநாயகக் கட்சி விவாதத்தில், ஆவணம் இல்லாதவர்களுக்கும் உங்கள் மருத்துவத் திட்டம் உண்டா என்று கேட்டபோது அன்று மேடையில் இருந்த பத்துப் பேரும் கை தூக்கினார்கள், பைடனும் கமலாவும் உட்பட. ஐந்தே வருடத்தில் அதே கமலா 1,500 கூடுதல் எல்லைக் காவலர்கள் என்று பேசினார். நடுவில் நடந்தது என்ன? 2023 டிசம்பரில் மட்டும் தெற்கு எல்லையில் ஏறக்குறைய 2.5 லட்சம் பேர் பிடிபட்டார்கள் அல்லது வந்து சரணடைந்தார்கள். பைடன் பதவியேற்ற அன்றே அனுப்பிய, 1.1 கோடிப் பேருக்குக் குடியுரிமை வழி காட்டும் மசோதா, வாக்கெடுப்பைப் பார்க்காமலேயே கிடந்து முடிந்தது.

2024 பிப்ரவரியில் ஒரு மசோதா வந்தது, அதைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஓக்லஹோமாவின் ஜேம்ஸ் லாங்ஃபோர்டு, பழுத்த குடியரசுக் கட்சிக்காரர், மாதக்கணக்கில் உட்கார்ந்து எதிர்க்கட்சிக்காரர்களோடு பேசி எழுதியது. அடைக்கல விதிகளைக் கடுமையாக்கியது, வரத்து ஒரு அளவைத் தாண்டினால் எல்லையை அடைக்க அதிகாரம் கொடுத்தது. அதோடு சத்தமில்லாமல் இன்னும் சில விஷயங்கள் உள்ளே இருந்தன. ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு 50,000 கூடுதல் குடியேற்ற விசா. எச்-1பி மனைவிமாருக்கு வேலை செய்யும் உரிமை. 21 வயதானதும் பெற்றோரின் வரிசையிலிருந்து தள்ளப்படும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. நம் வீடுகளில் எதற்காகக் காத்திருக்கிறார்களோ அதில் ஒரு பங்கு அந்த மசோதாவில் இருந்தது. இங்கே எந்தச் செய்தியிலும் யாரும் அதைச் சொல்லி நான் கேட்கவில்லை.

டிரம்ப் அதை எதிர்த்தார், தேர்தல் வருடத்தில் எதிர்க்கட்சிக்குப் பரிசு கொடுப்பதா என்று வெளிப்படையாகவே சொன்னார். பழைய வாக்குறுதிக்கும் கீழே போய்விட்டது என்று சில ஜனநாயகக் கட்சிக்காரர்களும் எதிர்த்தார்கள். வெளியான மூன்றே நாளில் 49-க்கு 50 என்று விழுந்தது, 60 வேண்டிய இடத்தில். கமலா, நான் வந்தால் அதில் கையெழுத்திடுவேன் என்றார். டிரம்ப், வரலாற்றிலேயே பெரிய நாடு கடத்தலை நடத்துவேன் என்றார். வித்தியாசம் இதுதான்: கமலா சொன்னது காங்கிரஸ் கொடுத்தால்தான் நடக்கும், டிரம்ப் சொன்னதைப் பெரும்பாலும் உத்தரவிலேயே தொடங்கிவிடலாம். ஆள் தேடுவதும் பிடிப்பதும் அனுப்புவதும் அதிபரின் துறை. கொடுப்பது கஷ்டம், எடுப்பது சுலபம் என்று அந்த நாட்டுக் குடியேற்றச் சட்டம் அமைந்திருக்கிறது.

சட்டவிரோதமாகப் போனவனைத் திருப்பி அனுப்புவதில் என்ன தப்பு? நம் பிள்ளைகள் ஒழுங்காக வரிசையில் நிற்கிறார்களே.
(சேலம்)

கோபம் புரிகிறது, வரிசையில் நிற்கிறவர் வீட்டில் இந்தக் கோபம் வரத்தான் செய்யும். திருப்பி அனுப்பும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு, அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் 2025 பிப்ரவரி 5 அன்று அமிர்தசரஸில் ஒரு ராணுவ விமானம் இறங்கியது நினைவிருக்கும், 104 இந்தியர்கள், கையிலும் காலிலும் விலங்கு. அதில் பலர் ஏஜெண்டுக்கு நிலத்தை விற்றுப் பணம் கட்டியவர்கள். 2022 ஜனவரியில் குஜராத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம், இரண்டு குழந்தைகள் உட்பட நான்கு பேர், கனடா எல்லையைத் தாண்டும்போது பனியில் உறைந்து செத்தார்கள். அவர்களை ஏமாற்றி அனுப்பியவன் மேல் வர வேண்டிய கோபத்தை அவர்கள் மேலேயே கொட்டாதீர்கள்.

இன்னொன்று. அங்கே வயலில் காய்கறி, பழம் பறிக்கும் கூலிகளில் பத்துக்கு நான்கு பேருக்கு ஆவணம் இல்லை, அமெரிக்க அரசின் கணக்கெடுப்பே சொல்வது. அவர்கள் நிற்பதற்கு ஒரு வரிசையே கிடையாது. கல்லூரிப் பட்டம் இல்லாத ஒரு கூலிக்கு வேலை அடிப்படையில் ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000 கிரீன் கார்டு, உலகம் முழுவதற்கும். உங்கள் மகனுக்கு நீளமான வரிசையாவது இருக்கிறது.

மருமகள் மாசமாக இருக்கிறாள். இருவருமே எச்-1பி. குழந்தைக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைக்குமா?
(திருச்சி)

2025 ஜனவரி 20 அன்று டிரம்ப் போட்ட உத்தரவு, தற்காலிக விசாவில் இருப்பவர்களின் குழந்தைகளுக்கும் பிறப்பால் வரும் குடியுரிமை கிடையாது என்றது, அதனால் உங்கள் பயம் நியாயமானது. அந்த உரிமை 1868-ல் அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தத்தில் வந்தது, 1898-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த ஒரு சீன வம்சாவளிக்காரரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025-ல் கீழ் நீதிமன்றங்கள் உத்தரவை நிறுத்தின, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மகனைப் பிரசவத் தேதிக்கு முன்பே ஒரு குடியேற்ற வக்கீலிடம் பேசச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம்.

அமெரிக்காவில் படித்தால் பட்டத்தோடு கிரீன் கார்டு என்று டிரம்ப் சொன்னாரே. நம்பி எம்.எஸ். போகலாமா?
(கோவை, இறுதியாண்டு பொறியியல்)

சொன்னார், 2024 ஜூனில் ஒரு பாட்காஸ்டில். அன்றே அவருடைய பிரச்சாரக் குழு, கடுமையாகச் சலித்தெடுத்த பிறகு மிகத் திறமையானவர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. அந்த டிசம்பரில், சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணனை ஏ.ஐ. ஆலோசகராக நியமித்ததும் டிரம்பின் ஆதரவாளர்களுக்குள்ளேயே எச்-1பி பற்றிப் பெரிய சண்டை வெடித்தது, எச்-1பியை ஆதரித்து ஈலான் மஸ்க் ஒரு பக்கம், எதிர்த்து டிரம்பின் முன்னாள் ஆலோசகர் ஸ்டீவ் பேனன் இன்னொரு பக்கம். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. ஒரே வேட்பாளரின் வாயிலிருந்து பதினைந்து மாதத்தில் வந்தவை இவை.

தம்பி, படிப்புக்காகப் போவதென்றால் போங்கள். ஆனால் கடனை இந்தியச் சம்பளத்தில் எத்தனை வருடத்தில் அடைக்க முடியும் என்று கணக்குப் போடுங்கள், வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைப்பதற்கு முன்னால். அந்தக் கணக்கு தாங்கவில்லை என்றால், எந்த வேட்பாளரின் பேச்சை நம்பியும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நான் நான்கு வயதில் பெற்றோரோடு சட்டப்படி அமெரிக்கா வந்தவள். சிறு வயதில் வந்து ஆவணம் இல்லாமல் இருக்கும் ட்ரீமர்களைப் பற்றி எல்லா வேட்பாளரும் பேசுகிறார்கள், எங்களைப் பற்றி ஏன் பேசுவதில்லை? எனக்கு 20 வயது.
(நியூ ஜெர்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

கண்ணு, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். டாக்காவில் சேர, 2012 ஜூன் 15 அன்று சட்டப்படியான விசா இல்லாதவராக இருந்திருக்க வேண்டும். உன்னைப் போன்றவர்கள் ஒழுங்காக விசாவோடு இருந்ததாலேயே அதில் இடம் இல்லை. 21 முடிந்தால் அப்பாவின் வரிசையிலும் இடம் இல்லை. 2021-ல் கீழவை நிறைவேற்றிய ஒரு மசோதாவில் உங்களைச் சேர்த்தார்கள், 2024 மசோதாவிலும் சேர்த்தார்கள், இரண்டும் செனட்டைத் தாண்டவில்லை. எண்ணிக்கையில் சிறிய கூட்டம், பெற்றோருக்கும் ஓட்டு இல்லை. ஒரு வேட்பாளர் உங்களை மறந்தால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை, எனக்குத் தெரிந்த காரணம் அதுதான்.

மேலே சொன்ன அக்கா மகனின் பெண்ணுக்கு 2025-ல் 21 ஆனது. ஆறு வயதில் போனவள். மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருந்தது, படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பிவிடுவேன் என்று காட்டினால்தான் அந்த விசா. படிவத்தில் வெளிநாட்டு முகவரி என்ற இடத்தில் கும்பகோணத்தில் இருக்கும் எங்கள் அக்கா வீட்டு முகவரியை எழுதினாள், கதவு எண் தெரியாமல் பாட்டிக்குப் போன் செய்து கேட்டாள். போனதிலிருந்து அந்த வீட்டில் அவள் தங்கியது மொத்தம் ஐந்து வாரம் இருக்கும்.

நீ செய்ய வேண்டியது: பிறந்த நாள் வரை காத்திருக்காதே, குறைந்தது ஆறு மாதம் முன்பே வக்கீலைப் பார். அப்பாவின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவர் நிறுவனம் போட்ட மனு) எத்தனை நாள் நிலுவையில் இருந்தது என்று கேள், குறிப்பிட்ட சூழ்நிலைகளில் அந்த நாட்களை உன் வயதிலிருந்து கழிப்பார்கள், 2002-லிருந்து அப்படி ஒரு சட்டம் உண்டு. அப்புறம், ஓட்டு இல்லாவிட்டாலும் உங்கள் தொகுதியின் கீழவை உறுப்பினருடைய உள்ளூர் அலுவலகத்துக்கு நேரில் போகலாம். போகும்போது உன் பள்ளிச் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு போ.